வக்கீல் திண்ணை: வெள்ளமும் நண்டு வளையும்

காசு வாங்கிக்கொண்டு கொல்கிற கூலிப்படையைப் பார்த்தால் சமூகமே கெட்டுப்போச்சு என்று தோன்றவில்லையா என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "வெட்டினவன் ஏழை, சரி. அட்வான்ஸ் கொடுத்தவன் யார் என்று பாருங்கள், சமூகம் கெட்டுப்போச்சா இல்லையா என்று அப்புறம் பேசலாம்" என்று நாலு வரியில் பதில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டும் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது, ஆறு பக்கத்துக்கு ஒரு கல்லூரி மாணவியின் கேள்வியும் இருக்கிறது. எனவே பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை. கேள்விகளைப் படித்தால் காரணம் புரியும்.

வறுமையும் ஒடுக்குமுறையும்தான் மனிதனைக் கொலைகாரன் ஆக்குகிறது என்று உங்களைப் போன்றவர்கள் எழுதுகிறீர்கள். என் தாத்தா பண்ணையாள், அப்பா கூலி, நானும் பதினாறு வயது வரை நாற்று பறித்தவன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெட்டவில்லை. இந்தப் பேச்சு எங்களை அவமானப்படுத்துகிறது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?
*— தஞ்சாவூர்*

தோன்றுகிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் யாராவது இதை என்னிடம் கேட்டிருக்கலாம். "கட்சிக்காரர் பரம ஏழை, தகப்பன் குடிகாரன், பள்ளிக்கூடம் பார்க்காதவர்" என்று எத்தனை வழக்கில் பேசியிருக்கிறேன்! அதே வறுமையில், அதே மாதிரித் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் சாட்சி சொல்ல வந்து கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கோட்பாடு எழுதியவர்கள் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு முட்டாள்கள் இல்லை. நெதர்லாந்துக்காரர் வில்லெம் போங்கர் 1905-லேயே குற்றத்தையும் பொருளாதாரத்தையும் சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். ஏழை கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. ஒருவனை ஒருவன் மிதித்துத்தான் மேலே வர முடியும் என்ற ஏற்பாடு பணக்காரன், ஏழை இரண்டு பேரையும் சுயநலமிகள் ஆக்குகிறது, ஏழையின் சுயநலத்தை மட்டும் சட்டம் குற்றம் என்கிறது என்றார். 1938-ல் அமெரிக்காவின் ராபர்ட் மெர்ட்டன் வேறு விதமாகச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, அதை அடைகிற வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், மிச்சப் பேரில் சிலர் சுவர் ஏறிக் குதிப்பார்கள். சிலர்தான். எல்லோரும் குதிப்பார்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் கரை உடையும். எத்தனை இடத்தில் உடையும் என்பது தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பொறுத்தது. குறிப்பாக இந்த இடத்தில் ஏன் உடைந்தது என்று கேட்டால் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு நண்டு வளை இருந்திருக்கும், யாரோ மண் வெட்டி எடுத்திருப்பார்கள். ஒரு ஊரில் ஏன் இவ்வளவு கொலை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது வர்க்கக் கோட்பாடு. இந்த ஆள் ஏன் வெட்டினான் என்பது வளையைத் தேடுகிற கேள்வி, அது மனநூல்காரர் வேலை. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டும்போதுதான் உங்கள் தாத்தாவுக்கு அவமானம் நேர்கிறது. அப்படி ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்த உவமையையும் ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. கரைக்கு மனசு கிடையாது. மனிதன் கடைசி நிமிஷத்தில்கூட அரிவாளைக் கீழே போட முடியும், போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே பார்த்த வழக்கில், கொலை செய்தவன் மனதில் உண்மையில் என்ன இருந்தது? புத்தகத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.
*— நன்னிலம்*

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கடைமடைப் பக்கத்து வழக்கு ஒன்று. ஊர், பேர் வேண்டாம். பங்காளிகள் இரண்டு பேர், வாய்க்காலில் முறைத் தண்ணீர் பிரிப்பதில் சண்டை, ஒருவன் செத்தான். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, என் வாதம் எல்லாவற்றிலும் "தண்ணீர்த் தகராறு" என்றுதான் இருந்தது. குறுவை காய்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, விவசாயி நிலை தடுமாறினான் என்று நானும் உருக்கமாகப் பேசினேன். தீர்ப்பு வந்த பிறகு சிறையில் பார்க்கப் போனபோது அந்த ஆள் சொன்னான்: "தண்ணிக்காக இல்லீங்க. தண்ணி மறுநா எனக்குத்தான் முறை. 'உங்கப்பன் எங்க கொல்லையில துண்டை ஏந்தி நின்னவன்தானடா'ன்னு டீக்கடையில பத்துப் பேரு முன்னால சொல்லிட்டுச் சிரிச்சான்."

அவன் அந்த ஊரிலேயே பெரிய ஏழை ஒன்றும் இல்லை. அரை வேலி நிலம் இருந்தது.

புத்தகத்தை விடச் சொன்னீர்கள், ஆனால் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் பல வருடம் மனநல மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், கொடூரமான கொலைகள் செய்தவர்களிடம் ஏன் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு ஒரே மாதிரிப் பதில் வாங்கினார்: என்னை மதிக்கவில்லை, கேவலப்படுத்தினான். வன்முறைக்கு அடியில் இருப்பது வெட்கம், அதைத் துடைக்கத்தான் அடிக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அவமானப்பட்ட எல்லோரும் அடிப்பதில்லை என்பதையும் அவரே சொல்கிறார். மானத்தை மீட்க வேறு வழி எதுவும் கண்ணில் படாதவன், எதிராளி மேல் அன்போ அதைச் செய்தால் குற்ற உணர்ச்சி வருமே என்ற பயமோ அந்த நேரத்தில் இல்லாதவன், அவன்தான் அடிக்கிறான். ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை மார்வின் வுல்ஃப்காங் ஆராய்ந்தபோதும், வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரிகிற வாய்த்தகராறுகள்தான் பெரிய பங்கு. அந்த ஆட்களுக்கு அது அற்பம் இல்லை, அவ்வளவுதான்.

நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கும் இதையேதான் காட்டுகிறது. 2022-ல் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 "தகராறு" என்ற தலைப்பில், 3,761 முன்விரோதத்தில், ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. வயிற்றுப் பசிக்காகக் கொலை செய்வது சினிமாவில்தான் அதிகம். அந்த 9,962-க்குள் எத்தனை டீக்கடைச் சிரிப்பு இருக்கிறதோ, அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "உங்கப்பன் துண்டை ஏந்தி நின்னவன்" என்ற வார்த்தை ஏன் சுட்டது? அந்த ஊரில் ஒருவன் ஏந்தவும் ஒருவன் போடவும் ஓர் ஏற்பாடு இருந்ததால்தானே. ஏற்றத்தாழ்வு இல்லாத இடத்தில் அந்த வசவுக்கு அர்த்தமே இல்லை. வறுமையைவிட ஏற்றத்தாழ்வுதான் கொலை விகிதத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். வெள்ளத்துக்கும் வளைக்கும் இடையில் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், அவமானம் என்றுதான் சொல்வேன்.

உளவியல் படிக்கிறேன். கொடூரமான கொலை என்றால் உடனே "சைக்கோ" என்று செய்தியில் போடுகிறார்கள். அது சரியா? ஒடுக்குமுறையால் ஒருவர் சைக்கோ ஆக முடியுமா?
*— திருவாரூர் (ஆறு பக்கத்தைச் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்)*

பத்திரிகைக்காரர்கள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புவது மனச்சிதைவு மாதிரியான நோய். அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, அவர்கள் அடிபடுவதுதான் அதிகம். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் பார்த்தாலே தெரியும். மற்றது சைக்கோபதி. ஆள் தெளிவாகத்தான் இருப்பான், பேச்சு இனிக்கும், பொய் சரளமாக வரும், அடுத்தவன் வலி மட்டும் உறைக்காது. அதை அளக்கக் கனடாவின் ராபர்ட் ஹேர் ஒரு பட்டியல் செய்தார், 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண், 30-ஐத் தொட்டால் அந்த வகை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பட்டியல் பெரும்பாலும் சிறைக்குள் இருப்பவர்களை வைத்து உருவானது. கில்லிகன் பார்த்ததும் சிறையைத்தான். மாட்டிக்கொண்டவர்களின் மனசுதான் குற்றவாளியின் மனசு என்று நமக்குப் பாடம் ஆகிவிட்டது. நம் சிறைகளில் 2022 கடைசியில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர்களும் அதில் அடக்கம். அங்கே போய் ஆராய்ச்சி செய்தால் குற்றமும் வறுமையும் ஒன்றாகத்தான் தெரியும். அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939-லேயே இதைச் சொல்லிச் சண்டை போட்டார், வெள்ளைச் சட்டைக்காரர்களின் குற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் குற்றத்துக்குக் காரணம் வறுமை என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள் என்று.

ஒடுக்குமுறை சைக்கோபதியை உண்டாக்குமா? பிறவிக் கூறு கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். சின்ன வயதில் அடியும் உதையும் வாங்கினால் வன்முறைக்கான வாய்ப்பு கூடுகிறது, ஆனாலும் அடி வாங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் யாரையும் அடிக்காத பெரியவர்களாகத்தான் ஆகிறார்கள். தேர்வில் இரண்டு வரியும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதினால் மார்க் போய்விடும்.

ரவுடிகளைப் பார்த்தாலே தெரிகிறது சார், முகத்திலேயே எழுதியிருக்கிறது. சில கூட்டத்துக்கு ரத்தத்திலேயே உண்டு. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறீர்கள்.
*— கும்பகோணம்*

கோபம் இல்லை, பழைய சரக்காக இருக்கிறதே என்ற வருத்தம்தான். இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் ஒரு தெற்கத்திக் கொள்ளைக்காரனின் மண்டை ஓட்டில் ஒரு பள்ளத்தைப் பார்த்து, குற்றவாளி என்பவன் பின்தங்கிப்போன ஆதிமனிதன் என்று 1876-ல் புத்தகம் போட்டார். தெற்கு இத்தாலி ஏழைகளின் பகுதி என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சார்ல்ஸ் கோரிங் மூவாயிரம் கைதிகளை அங்குலம் அங்குலமாக அளந்து, அப்படி ஒரு தனி முக ஜாதியே இல்லை என்று 1913-ல் சொல்லிவிட்டார்.

அதற்குள் இங்கே வெள்ளைக்காரன் ரத்தத்தைச் சட்டமாக்கியிருந்தான். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போய் ஆஜராக வேண்டும், பிறந்த குழந்தையிலிருந்து எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். நாடு முழுக்க அந்தச் சட்டம் ரத்தானது 1952-ல். சட்டம் போய்விட்டது, உங்கள் கடிதம் இருக்கிறது.

கம்யூனிஸ்ட்காரர்களுக்குக் கொலைகாரனும் போராளிதானே? மார்க்ஸே அப்படித்தானே சொன்னார்?
*— மன்னார்குடி*

மன்னார்குடியிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா!

மார்க்ஸ் அப்படிச் சொல்லவில்லை. திருடன், அடியாள், எடுபிடி, காசுக்கு எந்தப் பக்கமும் போகிறவன் எல்லோரையும் அவர் உதிரிக் கூட்டம் என்று தனியே ஒதுக்கினார், அவர்களை நம்பவே கூடாது, ஆளுகிறவர்கள் காசு கொடுத்தால் தொழிலாளியையே அடிக்க வருவார்கள் என்றார். இன்றைக்குக் கூலிப்படையைப் பார்த்தால் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் இருபத்து நாலு வயதில், 1842-ல், காட்டில் விழுந்து கிடக்கிற சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டு ஆக்கிய சட்டத்தை எதிர்த்து எழுதினார். எது குற்றம் என்று முடிவு செய்கிறவன் யார் என்பதுதான் அவர் கேள்வி. மூன்று வருடம் கழித்து எங்கெல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தொழிலாளிகள் சீக்கிரம் செத்துப்போகிற மாதிரியான நிலையில் அவர்களை வைத்திருப்பதும், அது தெரிந்தே அப்படி வைத்திருப்பதும் கொலைதான், சமூகக் கொலை என்றார்.

ஃபிரான்ஸ் ஃபனோன்தான் நீங்கள் சொல்வதற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறார். அவர் மனநல மருத்துவர், 1953 முதல் அல்ஜீரியாவில் பிலிடா மருத்துவமனையில் இருந்தார். அடிமைப்பட்டவன் முதலில் தன்னைப் போன்ற அடிமைப்பட்டவனைத்தான் அடிப்பான், மேலே இருப்பவன் மேல் காட்ட முடியாத கோபம் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பாயும் என்று அவர் எழுதியது (1961) நம் நீதிமன்றங்களில் தினமும் நடக்கிறது. பங்காளி, மச்சான், பக்கத்து வயல்காரன், குடித்துவிட்டுக் கூட உட்கார்ந்தவன், இவர்கள்தான் சாகிறார்கள். ஒடுக்குகிறவனை எதிர்த்து அடிக்கும்போது அடிமையின் தாழ்வு மனப்பான்மை நீங்குகிறது என்றும் அவர் எழுதினார், அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே புத்தகத்தின் கடைசியில் அவர் நோயாளிகளின் கதைகள் இருக்கின்றன. அதில் ஒருவன் ஐரோப்பிய போலீஸ் அதிகாரி. பகலெல்லாம் கைதிகளைச் சித்திரவதை செய்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கிறான். வைத்தியத்துக்கு வருகிறான். எதற்கு? வேலையை விட அல்ல. மனசாட்சி உறுத்தாமல், நிதானமாகச் சித்திரவதை செய்ய உதவுங்கள் டாக்டர் என்று. இரண்டு பக்கமும் வன்முறை மனிதனை என்ன செய்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

நம் டெல்டாவுக்கு வாருங்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்த ஊர்கள் இவை. சாணிப்பால் என்றால் சாணியைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றுவது, சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து 1940-களில் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். "அடிச்சா திருப்பி அடி" என்று அவர் சொன்னதாகக் கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள், எனவே அது காந்தி ஆசிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் பாருங்கள், கருக்கரிவாள் தினமும் கையில் இருக்கிற கூட்டம், நாளெல்லாம் அறுப்பு அறுக்கிற கூட்டம், அவர்கள் கேட்டது கூலி, அளவுப் படி, சாட்டை கூடாது என்ற கையெழுத்து. மிராசுதார்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கில்லிகன் சொல்கிற, மானத்தை மீட்கிற வேறு வழி என்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். உங்கள் ஊரிலேயே நடந்தது.

இன்னொன்று, வர்க்கம் என்று மட்டும் பேசினால் இங்கே கணக்கு உதைக்கும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்து அக்ரகாரம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்தது, இப்போது பிரிய ஆரம்பிக்கிறது என்று எழுதினார். நிலம் கைமாறும், ஓட்டு கைமாறும், வசவு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். டீக்கடையில் வெடிப்பது அதுதான்.

வெண்மணியில் எரித்தவர்களின் மனநிலையைப் பற்றி ஏன் எந்த உளவியலும் பேசுவதில்லை?
*— நாகப்பட்டினம்*

இந்த இதழின் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

நாகை பக்கம் கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் விவகாரம். அன்று மாலைக் கைகலப்பில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார், அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். ராத்திரி ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்கு 1970-ல் நாகை நீதிமன்றம் பத்து ஆண்டு கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் உண்டு, சட்டக் கல்லூரியில் அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தொழிலுக்கு வந்த பிறகுதான் படித்தேன். குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள் என்பதே ஆச்சரியமாக இருக்கிறதாம். பெரும்பாலோர் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆளிடம் கார்கூட இருக்கிறது. பழிவாங்க எவ்வளவுதான் ஆசை இருந்தாலும், வேலையாட்கள் துணை இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்று நம்புவது கடினமாம்.

கும்பகோணத்து வாசகர் முகத்தில் எழுதியிருக்கிறது என்கிறாரே, இது அதன் மறுபக்கம். வன்முறை என்பது கீழே இருப்பவனின் உடம்பில் இருக்கிற ஒன்று என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், கார் வைத்திருப்பவன் சந்தேகத்துக்கே உரியவன் ஆகமாட்டான்.

மனநிலை? நான் பார்த்த வரையில் அதுவும் அவமானம்தான். நேற்று வரை வாசலில் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன் இன்று நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கிறான், கொடி நடுகிறான். மேலே இருந்தவனுக்கு அது கொள்ளை போன மாதிரி. இழந்தது அரைப்படி நெல் இல்லை, கை கட்டி நிற்கிற அந்தக் காட்சி. கீழே இருப்பவனின் அவமானம் அவன் இதுவரை பட்டதிலிருந்து வருகிறது. மேலே இருப்பவனின் அவமானம் தனக்கு உரியது என்று நினைத்த ஒன்று பறிபோகும்போது வருகிறது. உளவியல் புத்தகங்கள் முதல் வகையை நன்றாக எழுதியிருக்கின்றன, சிறையில் உட்கார்ந்து பேச ஆள் கிடைத்ததால். இரண்டாவது வகை ஆள் எந்தச் சிறை மருத்துவர் முன்னாலும் போய் உட்காரவில்லை.

கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைச் சரி என்று நான் எழுத வேண்டும் என்று இரண்டு கடிதம், தப்பு என்று எழுத வேண்டும் என்று ஒரு கடிதம். கொலை கொலைதான். அந்த விடுதலைத் தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் அந்தக் கொலை நடந்திருக்குமா என்பதை மூன்று பேருமே யோசித்துப் பாருங்கள்.

காத்தவராயனும் மதுரை வீரனும் அரசாங்கம் கொன்ற குற்றவாளிகள்தானே? அவர்களை ஏன் கும்பிடுகிறோம்?
*— லால்குடி*

காத்தவராயன் கூத்தில் அவன் கழுமரம் ஏறுவதைப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோமே, அந்தக் கூட்டத்தில் எவனும் ராஜா பக்கம் இல்லை. அதற்காக நம் தெருவில் சங்கிலி அறுக்கிறவனைக் காத்தவராயன் ஆக்க வேண்டாம். அவன் அறுப்பதும் ஏழைப் பொம்பளை கழுத்தைத்தான்.

ஐயா, என் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஐடிஐ முடித்தான். இப்போது நாலு பையன்களோடு சுற்றுகிறான், போனில் அரிவாள் வைத்துக்கொண்டு வீடியோ போடுகிறான். கேட்டால் "கெத்து" என்கிறான். பயமாக இருக்கிறது.
*— பாபநாசம்*

அம்மா, முதலில் அந்த வீடியோவை இன்றே அழிக்கச் சொல்லுங்கள், அதற்காகவே வழக்குப் போடுகிறார்கள்.

இந்த வயது ஒரு மாதிரியான வயது. பல நாட்டுக் கணக்கில் அடிதடி பதினெட்டு, இருபதை ஒட்டி உச்சத்துக்குப் போய், முப்பதை நெருங்கும்போது இறங்கிவிடுகிறது. அதுவரை ஒரு வழக்கில் மாட்டாமல் அவனைக் கடத்துவதுதான் உங்கள் வேலை. நான் பார்த்தது இதுதான்: முதல் வழக்கு ஒன்றுமில்லாத அடிதடி. ஜாமீனில் வரும்போது தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து போடும் நிபந்தனை. காலையில் பத்து மணிக்குக் கையெழுத்து என்றால் திருப்பூர் வேலை போச்சு. ஊரிலேயே சும்மா இருப்பான். செலவுக்கு யாராவது பெரிய ஆள் கொடுப்பார், பிறகு ஒருநாள் "ஸ்கெட்ச்" என்று கூப்பிடுவார். பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறும், தேர்தல் வந்தால், திருவிழா வந்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். அடுத்து குண்டாஸ், 1982-ஆம் வருடச் சட்டம், ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே அவனை மரியாதையாகப் பேசுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்?

அந்தப் பையன்களைத் திட்டாதீர்கள். கெத்து என்று அவன் சொல்வதில் பாதி, வேறெங்கும் கிடைக்காத மரியாதை. ஐடிஐ முடித்தவனை வெளியூர் வேலைக்கு அனுப்புங்கள், அவன் மதிக்கிற தாய்மாமனோ வாத்தியாரோ இருந்தால் அவர் மூலம். நாலு பேர் முன்னால் மட்டும் அறையாதீர்கள்.

கொடூரக் கொலைக்குத் தூக்குதானே சரி?
*— மயிலாடுதுறை*

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்குத் தண்டனை பெற்றவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பணக்காரர்கள் கொடூரமாகக் கொல்வதே இல்லை என்று நீங்கள் நம்பினால் தூக்கு சரி. 2022-ல் உச்ச நீதிமன்றமும், தூக்கு கொடுக்கும் முன் அந்த ஆளின் மனநிலை, வளர்ந்த விதம், சிறை நடத்தை எல்லாவற்றையும் அறிக்கையாக வாங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

என் அண்ணனைக் கொன்றவனும் எங்களைப் போலக் கூலிக்காரன்தான். அவன் எப்படிக் கஷ்டப்பட்டு வளர்ந்தான் என்று அவன் வக்கீல் கோர்ட்டில் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம். நான் ஆத்திரப்பட்டது தப்பா?
*— திருத்துறைப்பூண்டி*

தப்பில்லை, தம்பி. அந்த வக்கீலாக நானும் நின்றிருக்கிறேன். என் கட்சிக்காரரின் வீட்டில் அடுப்பு எரியாத கதையைச் சொல்லும்போது, செத்தவனின் மனைவி கோர்ட் தரையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே மாதிரிதான். நான் ஒரு அடுப்பைப் பற்றி மட்டும் பேசினேன், அதற்குத்தான் எனக்குக் கூலி. அரசு வக்கீல் இன்னொரு அடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை, அது அவருக்குத் தோன்றவில்லை.

கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இழப்பீடு கேட்டு மனு போட்டீர்களா? தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தண்டனை கிடைத்ததா, விடுதலை ஆனதா என்பது அதற்குத் தடையில்லை. திருவாரூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு முதல் தகவல் அறிக்கை நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.